பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறீர்கள், பள்ளிக்கு யார் வைப்பது?

செந்துறை பக்கத்துக் காலனி ஒன்றில் சில வாரங்களுக்கு முன் ஒரு பெற்றோர் கூட்டம் போட்டோம். நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பு மையத்துக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், பாட்டிகள், இரண்டு மூன்று அப்பாக்கள். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச எடுத்த விஷயம் இதுதான்: ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பரீட்சை வைத்து, தேறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று ஒன்றிய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டோம். "நம் பிள்ளைகளை வெளியேற்றும் சதி" என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு தீர்மானம் எழுதி அனுப்பலாம் என்பது எங்கள் திட்டம்.

முன்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "பெயிலாக்கட்டும் தம்பி. எம்புள்ள எட்டாப்பு படிக்கிறான். ரேஷன் கார்டுல இருக்க பேரை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். வருசா வருசம் பாஸ் பாஸ்னு போட்டு மேல தள்ளி விடுறாங்க. அஞ்சாப்புலயே ஒரு வருசம் உக்கார வச்சிருந்தா எழுத்தாச்சும் தெரிஞ்சிருக்கும்ல?"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பின்னால் சுவரில் சாய்ந்திருந்த ஒரு பாட்டி மட்டும் சொன்னார்: "ஆம்பளப் புள்ளைய வேணா மறுபடி அனுப்புவ. பொட்டப் புள்ள பெயிலுன்னா எவன் அனுப்புவான்? என் பெரிய மவ அப்படித்தான் நின்னுச்சு."

தீர்மானம் எழுதவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் யாரும் அதிகம் பேசவும் இல்லை. அந்த இரண்டு பெண்களும் உண்மையைத்தான் சொன்னார்கள். இருவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லக்கூடிய ஒரு நிலைப்பாடு நம் இயக்கங்களிடம் இருக்கிறதா என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறோம்.

சட்டம் சொன்னது என்ன, நடந்தது என்ன

இளைய தோழர்களுக்காக வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தவோ பள்ளியை விட்டு நீக்கவோ கூடாது என்றது. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் இந்தப் பிரிவைத் திருத்தியது. ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வு, தேறாதவருக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த அரசின் முடிவு. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு இதற்கான விதிகளை வெளியிட்டு, கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட தன் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தியது. அதற்குள் பல மாநிலங்கள் தாமாகவே அந்த வழிக்குப் போயிருந்தன.

தமிழ்நாடும் ஒருமுறை போகப் பார்த்தது. 2019 செப்டம்பரில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பெற்றோர், ஆசிரியர் சங்கங்கள், மாணவர் அமைப்புகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்ப, 2020 பிப்ரவரி 4 அன்று ரத்து செய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்பதை உறுதி செய்ததோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது.

இதுவரை நம் பக்கம்தான். ஆனால் அந்த அக்காவின் மகன் ஏன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்?

இங்கேதான் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. 2009 சட்டம் "எல்லோரையும் பாஸ் போடு" என்று மட்டும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 24-வது பிரிவு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும், பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, படிப்பின் முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்கிறது. 29-வது பிரிவு தொடர் மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. அதாவது, பிள்ளையைப் பெயிலாக்காதே, ஆனால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தொடர்ந்து பார், பின்தங்கினால் கைகொடு என்பதுதான் சட்டத்தின் முழு வாக்கியம். அரசுகள் முதல் பாதியை நிறைவேற்றின. பணமும் ஆளும் கேட்காத பாதி அது. இரண்டாம் பாதிக்கு ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும். அதை விட்டுவிட்டார்கள். இப்போது, முதல் பாதிதான் தோல்விக்குக் காரணம் என்கிறார்கள்.

கிராமப்புறங்களில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் ஏசர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் வாசிப்பவர்கள் பாதிக்கும் குறைவு என்றே அண்மை ஆண்டுகளின் சுற்றுகள் காட்டுகின்றன. அரசுத் தரப்பு இந்த ஆய்வின் முறையோடு உடன்படுவதில்லை. நமக்கும் அதில் கேள்விகள் உண்டு. ஆனால் மாலை மையத்தில் தினமும் பிள்ளைகளோடு உட்காருகிற எவரும் அந்த எண்ணைக் கண்டு அதிர்ச்சி அடைய மாட்டார்கள். அரசே 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியதும், பின்னர் நடுநிலை வகுப்புகளுக்கு 'திறன்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்ததும் இந்த இடைவெளி இருப்பதை ஒப்புக்கொண்டதால்தான்.

பெயில் என்ற மருந்து

அந்த அக்காவின் கோரிக்கையைக் கவனமாகக் கேட்டால், அவர் கேட்டது பெயில் அல்ல. "எழுத்தாச்சும் தெரிஞ்சிருக்கும்ல" என்பதுதான் அவர் கேட்டது. ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தால் பிள்ளை கற்றுக்கொள்வான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தத் திருத்தத்துக்கு மக்கள் ஆதரவு இருப்பதாகக் காட்டப்படுகிறது.

நடைமுறையில் என்ன ஆகும்? பெயிலான பிள்ளை அதே பள்ளியில், அதே ஆசிரியரிடம், அதே பாடத்தை, அதே முறையில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி கேட்பான். போன வருடம் புரியாதது இந்த வருடம் ஏன் புரியப்போகிறது? ஊர்ப்பகுதித் தொடக்கப் பள்ளிகளின் நிலையைப் பாருங்கள். அறுபது பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ, கணக்கு ஒப்படைக்கவோ, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கு ஒருவர். அங்கே பெயிலான பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?

சரி, மறுதேர்வுக்கு முன் இரண்டு மாதம் கூடுதல் பயிற்சி உண்டே என்பார்கள். ஆண்டுத் தேர்வு முடிந்து வரும் இரண்டு மாதம் எங்கள் வட்டாரத்தில் என்ன மாதம் என்று தெரியுமா? முந்திரி மாதம். சித்திரை, வைகாசியில் குடும்பமே முந்திரிக் காட்டில் இருக்கும். பெரிய பிள்ளை கொட்டை பொறுக்கும், சின்னது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். இன்னும் சில வீடுகளில் அம்மா அப்பா திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளை பாட்டியிடம் இருக்கும். மறுதேர்வுக்குத் தயார்செய்ய டியூஷன் வைக்கக்கூடிய வீட்டுப் பிள்ளை தேறிவிடும். முந்திரிக் காட்டிலிருந்து வரும் பிள்ளை மறுபடியும் பெயிலாகும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குப் பள்ளி எதற்கு என்று வீடு கேட்கும். பாட்டியின் பெரிய மகள் நின்றது அப்படித்தான்.

அப்போது அரசு சொல்லும்: நாங்கள் நீக்கவில்லையே, அவர்களாகவே நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தி வெளியே போ என்று சொல்வதற்கும், அவமானப்படுத்தி அதுவாகவே போக வைப்பதற்கும் புள்ளிவிவரத்தில்தான் வித்தியாசம். நம் தெருவில் இரண்டும் ஒன்றுதான்.

98.82

2025 மே மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தன. மாநிலத்தின் தேர்ச்சி 95.03 விழுக்காடு. மாவட்டங்களில் முதலிடம் எங்கள் அரியலூர், 98.82 விழுக்காடு. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரியும் முந்திரிக் காடும் மட்டுமே தெரிந்த ஒரு சின்ன மாவட்டம் சென்னையையும் கோவையையும் தாண்டியது. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். சனிக்கிழமையும் வகுப்பு எடுத்த ஆசிரியர்களின் உழைப்பை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். அந்த எண் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஆனால் அந்த எண் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்க வேண்டியது நம் வேலை. தேர்ச்சி விழுக்காடு என்பது, தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் எத்தனை பேர் என்பது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அறை வரை வந்து சேர்ந்தார்கள் என்பது அதில் இல்லை. வராதவர்கள் எந்தத் தெரு என்பதும் இல்லை.

ஒரு விழுக்காட்டை உயர்த்த இரண்டு வழி உண்டு. தேறுபவர்களைக் கூட்டலாம். அது கஷ்டம். எழுதுபவர்களில் தேறமாட்டார்கள் என்று தோன்றுபவர்களைக் குறைக்கலாம். அது சுலபம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது: ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் "உங்கள் பையனுக்குப் படிப்பு ஏறாது, வேறு பள்ளி பாருங்கள்", "தனித்தேர்வராக எழுதட்டும்", "ஐ.டி.ஐ. சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பது.

எங்கள் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு பையனுக்கு இது நடந்தது. அவனுடைய அப்பாவை அழைத்து, "நீங்களே எழுதிக் கொடுத்தால் நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார். பள்ளியின் ஆவணத்தில் அது "பெற்றோர் விருப்பத்தின்பேரில்". நாங்கள் விஷயம் தெரிந்து போனபோது பையன் ஒரு லாரிக்குக் கிளீனராகப் போய்விட்டான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு தலைமை ஆசிரியரைக் குற்றவாளி ஆக்குவதால் இது தீராது. நூறு விழுக்காடு காட்டினால் பாராட்டு, தொண்ணூறு காட்டினால் மாவட்ட அலுவலகத்தில் நிற்கவைத்துக் கேள்வி என்று ஒரு முறையை வைத்தால், எந்தத் தலைமை ஆசிரியரும் முதலில் பார்ப்பது யாரைக் கழிக்கலாம் என்பதைத்தான். கழிக்கப்படுபவர், தட்டிக்கேட்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

இது உலகம் பார்த்த பாடம்

பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியை அளப்பது புதிய சிந்தனை அல்ல. இங்கிலாந்தில் 1862-லேயே, பிள்ளைகள் தேர்வில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று கொண்டுவந்தார்கள். 'முடிவுக்கேற்ற பணம்' என்ற அந்த முறை சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதும், தேறாது என்று தெரிந்த பிள்ளையை ஒதுக்குவதும் நடந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே கைவிட்டது. இங்கேயும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

அமெரிக்கா 2002-ல் 'எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது' என்று பெயரிட்டு ஒரு சட்டம் போட்டது. ஆண்டுதோறும் தேர்வு, இலக்கை எட்டாத பள்ளிக்குத் தண்டனை. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி என்பது இலக்கு. அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத் தனித்தனியாக வெளியிட வேண்டும் என்றது. சராசரிக்குப் பின்னால் யாரையும் மறைக்க முடியாமல் போனது. ஆனால் தண்டனை பயத்தில் நடந்ததோ வேறு. கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஆசிரியர்களே விடைத்தாளைத் திருத்தினார்கள். 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் அலுவலர்களும் இதில் ஈடுபட்டதாக 2011-ல் மாநில அரசின் விசாரணை சொன்னது. 2015 டிசம்பரில் அமெரிக்கா அந்தச் சட்டத்தையே மாற்றியது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. தேர்வோடு தண்டனையைக் கட்டினால் பொய்க்கணக்குதான் வரும். ஆனால் பிரித்துக் காட்டும் கணக்கு நமக்குத் தேவை. இந்த இரண்டாவதை நம் ஊரில் யாரும் பேசுவதில்லை.

அனிதாவின் ஊரில் இருந்து

செந்துறை என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது குழுமூர்தான். எங்களுக்கும் அப்படித்தான். அனிதா 2017-ல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 எடுத்தார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். மருத்துவத்துக்கான கட்-ஆஃப் 196.75. முந்தைய ஆண்டு நடைமுறை இருந்திருந்தால் அவர் மருத்துவம் படித்திருப்பார். அந்த ஆண்டு நீட் வந்தது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரை மத்தியப் பாடத்திட்டத்தின் அடிப்படையில் சோதித்தார்கள். 720-க்கு 86. ஓராண்டு விலக்கு கிடைக்கும் என்று மாநில அரசு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடத்தச் சொன்னது. செப்டம்பர் 1 அன்று அனிதாவை இழந்தோம்.

இன்று அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022-ல் திறந்தார்கள். அங்குள்ள அரங்குக்கு அனிதாவின் பெயர். நீட் விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தப் போராட்டம் தொடர்கிறது, தொடர வேண்டும்.

ஆனால் இதே வட்டாரத்தில் வேலை செய்பவர்களாக ஒரு தன்விமர்சனத்தை வைக்கிறோம். 1176 எடுத்த பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதியை நம்மால் ஊரறிய, நாடறியச் சொல்ல முடிந்தது. எட்டாம் வகுப்பில் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுத முடியாத பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்ல நமக்கு இன்னும் மொழி இல்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசினால் "தலித் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்று சொல்பவனுக்கு வாய்ப்புக் கொடுத்துவிடுவோமோ என்று தயங்குகிறோம். அரசுப் பள்ளியை விமர்சித்தால் தனியார் பள்ளிக்காரனுக்கு லாபமாகிவிடுமோ என்று தயங்குகிறோம். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் நாம் பேசாமல் விட்ட இடத்தில்தான் "பெயில் போடுங்கள்" என்ற குரல் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் நம் அம்மாக்களின் வாயிலேயே.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு விரட்டினோம். அடுத்த ஆண்டே அது திரும்பப் பெறப்பட்டது. அது பாதி நாளைத் திருடியது, கண்ணுக்குத் தெரிந்தது. எட்டு வருடம் பள்ளியில் உட்கார வைத்து ஒன்றும் சொல்லித்தராமல் அனுப்புவது எட்டு வருடத்தையும் திருடுகிறது. இது கண்ணுக்குத் தெரியாததால் இதற்கு நாம் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

யாரிடம் கணக்குக் கேட்பது

இப்போதைய முறையில் கணக்குக் கேட்பது எல்லாம் மேலிருந்து கீழே போகிறது. ஒன்றியம் மாநிலத்தைக் கேட்கும், மாநிலம் மாவட்டத்தை, மாவட்டம் தலைமை ஆசிரியரை, அவர் ஆசிரியரை, ஆசிரியர் பிள்ளையை. கடைசியில் எல்லாச் சுமையும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில். அந்தப் பிள்ளைக்குக் கீழே கேட்க யாரும் இல்லை.

மேலே இருப்பவர் கணக்கைப் பாருங்கள். பிள்ளையை நிறுத்தி வைக்க விதி எழுதும் ஒன்றிய அரசு, பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-ஆம் ஆண்டுக்கான ஒருங்கிணைந்த கல்வி நிதியைத் தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியது. மாநில அரசின் கணக்கில் அது 2,152 கோடி ரூபாய். மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பிள்ளை தேறாவிட்டால் ஒரு வருடம் நிறுத்தலாம். பணத்தைத் தராத அரசை எந்த வகுப்பில் நிறுத்துவது?

மாநில அரசும் தப்பிக்க முடியாது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்ததை வரவேற்கிறோம், பிள்ளைகளின் சுமை குறையும். ஆனால் 2017-ல் அதை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. தனியார் பள்ளிகள் பல பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே விட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் உருப்போட வைத்தன. தேர்வை எடுத்தால் அந்தப் பழக்கம் திரும்பாமல் பார்க்க வேறு ஏற்பாடு வேண்டும். நீட் கேள்விகளில் கணிசமான பகுதி பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும்போது, அதை நடத்தாமல் விட்டால் அடிபடுவது கோச்சிங் போக முடியாத பிள்ளைதான்.

ஆகவே நாங்கள் முன்வைப்பது இவை:

ஒன்று, எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக்கூடாது. இதில் சமரசம் இல்லை.

இரண்டு, மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தமிழை வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் அரசு பொறுப்பேற்க வேண்டும். எட்டாத பிள்ளை இருந்தால் அந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் வர வேண்டும். பள்ளிக்கு மதிப்பெண் குறைந்தால் தண்டனை வேண்டாம், ஆள் அனுப்புங்கள்.

மூன்று, தேர்ச்சி விழுக்காட்டோடு தக்கவைப்பு விழுக்காட்டையும் வெளியிட வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எத்தனை பேர்? பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. காலை வருகை முதல் இலவசச் செருப்பு வரை பதிவாகிறது. ஒன்பதாம் வகுப்பில் காணாமல் போன பிள்ளையைக் கண்டுபிடிப்பது மட்டும் ஏன் முடியாது?

நான்கு, பள்ளிக்குள் சாதி இருக்கிறதா என்பதும் பள்ளியின் தரத்தில் ஒரு கேள்வியாக இருக்க வேண்டும். 2022-ல் பெருந்துறை அருகே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தப் பரிந்துரைகளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று பள்ளிவாரியாகச் சொல்லட்டும். வாசிப்புத் திறனை அளக்கும் அரசு இதையும் அளக்கட்டும்.

ஐந்து, ஆசிரியரை வகுப்பறையில் இருக்க விடுங்கள். எமிஸ் பதிவு, சர்வே, திட்டப் பதிவேடு என்று அவரை எழுத்தராக்கிவிட்டு, பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை. காலிப் பணியிடங்களைத் தொகுப்பூதியத்தில் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவத் தோழர்களே, இது ஒரு கட்டுரையைப் பகிர்ந்துவிட்டு நகரும் விஷயம் அல்ல. சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் கருவிகள் சில துருப்பிடித்துக் கிடக்கின்றன.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதி பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடம் என்கிறது 21-வது பிரிவு. பல இடங்களில் காலனி அக்காவின் கையெழுத்து இருக்கும், அவருக்குக் கூட்டம் நடந்ததே தெரிந்திருக்காது. அவரோடு போய் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், பத்து ரூபாய்தான். கடந்த ஐந்து ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்திருந்தார்கள், எத்தனை பேருக்கு டி.சி. கொடுக்கப்பட்டது, பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்று சமூகவாரியாகக் கேளுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் சாலை, தண்ணீர், நூறு நாள் வேலை பேசுகிறோம். பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எத்தனை பிள்ளை நின்றுவிட்டது என்பதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். பிள்ளையின் உரிமை மீறப்பட்டால் 32-வது பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவெடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் கைநாட்டு வைப்பதற்கு முன் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பையன் லாரி ஏறியிருக்க மாட்டான். அந்த ஒருவராக இருங்கள்.

நாங்கள் அந்தக் காலனிக்கு மறுபடி போனோம். தீர்மானம் எதுவும் கொண்டுபோகவில்லை. 24-வது பிரிவைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனோம். பிள்ளையின் படிப்பு எப்படி இருக்கிறது என்று பள்ளி உங்களைத் தவறாமல் அழைத்துச் சொல்ல வேண்டும், பின்தங்கினால் தனியாகச் சொல்லித்தர வேண்டும், இது சட்டம் என்று வாசித்தோம்.

அந்த அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார். அவன் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தான். நேரம் ஆனது, யாரும் குறுக்கிடவில்லை. வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "இப்படி ஒண்ணு இருக்குன்னு இத்தன வருசமா ஏன் தம்பி எங்ககிட்ட சொல்லல?"

அந்தக் கேள்வி அரசுக்கு மட்டுமானது அல்ல, நமக்கும்தான். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரும் வருகிறார், அந்தப் பாட்டியும் வருகிறார். பெயில் போடு என்று சொன்னவரும் போடாதே என்று சொன்னவரும் ஒரே கேள்வியோடுதான் போகிறார்கள்: எங்கள் பிள்ளைக்கு இந்த எட்டு வருடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?